செத்தவள் பறித்த கொழுந்து

அத்தியாயம் 4

பெரியாயி புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அதே புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு கிலோ கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தாள்.

"தோட்டத்து ஆளுங்கள சோம்பேறின்னு யாராச்சும் சொன்னா இந்தக் கடுதாசிய காட்டணும் டொக்டர்," என்றான் ரஜீவ். "செத்தும் மூணு மணி நேரம் வேலை செஞ்சிருக்கா."

பக்கத்து ஆசனத்தில் இருந்த டொக்டர் சத்தியபாமா சிரிக்கவில்லை. அவள் மடியில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று ஆஸ்பத்திரியின் மரண அறிக்கை: நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி மரணம். மற்றது ஊசிக்கல் தோட்டம் திங்கட்கிழமைதோறும் பதுளைச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பும் வருகைப் பட்டியல். அதில் பெரியாயியின் பெயருக்கு நேரே, புதன்கிழமைக் கட்டத்தில், சரி அடையாளம்.

வண்டி பூனாகலைப் பாதையில் பனியைக் கிழித்துக்கொண்டு ஏறியது. ரஜீவுக்கு வயது முப்பத்துநான்கு. அரசாங்கத்தின் கடுதாசியில் அவன் சாரதி. வேலையில் சத்தியபாமாவின் மொழிபெயர்ப்பாளன், தூதன், உளவாளி எல்லாம் அவன்தான். அப்புத்தளைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயமொன்றில் பிறந்தவன். யாழ்ப்பாணத்துக்காரியான சத்தியபாமாவுக்கு மலை பேசும் பேச்சு புரியும். மலை பேசாமல் விடுவது புரிய வேண்டுமானால் ரஜீவ் தேவை.

வருகைப் பட்டியல் அவளுடைய யோசனை. மார்கழியிலும் தையிலும் மழையும் பனியும் சேர்ந்து வரும்போது மலை முழுக்கச் சளிக்காய்ச்சல் ஏறும். காய்ச்சல்காரர் மருந்தெடுக்க வர நாலு நாளாகும். ஆனால் வேலைக்கு வராமல் முதல் நாளே நின்றுவிடுவார். எனவே வராதவர்களை எண்ணினால் காய்ச்சல் எந்தத் தோட்டத்தில் ஏறுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மருந்தோடு போய் இறங்கலாம். இரண்டு வருடங்களாகப் பன்னிரண்டு தோட்டங்கள் எண்ணி அனுப்பின. இந்தத் தையில் பதினொரு தோட்டங்களில் வராதவர் தொகை மளமளவென்று ஏறியது. ஊசிக்கல்லில் மட்டும் அசையவே இல்லை.

"அந்தத் தோட்டத்துல காய்ச்சலுக்கே லீவு குடுத்துட்டாங்க போல," என்று போன வாரம்கூட ரஜீவ் பகிடி விட்டிருந்தான். அந்த வாரம்தான் பெரியாயி செத்தாள்.

தோட்டத்துக் கேற்றில் காவல்காரன் அவர்களை இருபது நிமிடம் மழையில் நிறுத்திவைத்தான். ரஜீவ் ஹோர்ன் அடித்தபோது அவன் வேண்டுமென்றே வெற்றிலை மடித்தான்.

ஒபீஸில் பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் நாற்காலி காட்டவில்லை. தலை நரைத்த மனிதர். பருத்தித்துறையிலிருந்து வந்து முப்பது வருடம் மலையில் குப்பை கொட்டியவர்.

"பிள்ளைக்கு எந்த ஊர்?"

"நான் ஊர் விசாரிக்க வரேல்லை ஐயா. கொழுந்து நிறுத்த கணக்கு வேணும். ஒரு மாதத்துக்கானது."

"அது தோட்டத்து ஆவணம். துரை கொழும்புக்குப் போயிட்டார். அவற்ரை அனுமதியில்லாமல் காட்டேலாது."

"செத்த மனுசி வேலைக்கு வந்தவ எண்டு எழுத மட்டும் துரையின்ரை அனுமதி தேவைப்படேல்லையோ?"

கிளாக்கரின் முகம் சிவந்தது. எழுந்து, அலுமாரியைத் திறந்து, தடித்த புத்தகமொன்றை மேசையில் தொப்பென்று போட்டார்.

"தராசு சாக்கைத்தான் நிறுக்கும். முகத்தை நிறுக்காது. ஒவ்வொரு சாக்கிலையும் ஒரு நம்பர். நம்பர் வந்தால் ஆள் வந்த மாதிரி. முந்நூறு பேரின்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இது என்ன கலியாண வீடே? பத்து நிமிசம் தாறன். பிறகு காவல்காரன் உங்களை வெளியிலை விடுவான்."

"உள்ள விடவே இருபது நிமிஷம் எடுத்தாரு," என்றான் ரஜீவ். "வெளிய விட ஒரு நாள் ஆகுமே ஐயா."

"உன்னட்டை ஆர் கேட்டது?"

இந்த மேசை ரஜீவுக்குப் புதிதல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் பட்டியல் படிவங்களை இங்கே கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். அன்று இதே மனிதர் தேத்தண்ணி வரவழைத்தார். 'லயத்திலையும் சொல்லிவிடுங்கோ, எதுக்கு எண்ணுறம் எண்டு' என்று சத்தியபாமா அனுப்பியிருந்தாள். சொன்னேன் என்று அவன் வந்து சொல்லிவிட்டான்.

சத்தியபாமா தன் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். பத்து நிமிடம் முடியுமுன்பே வெளியே வந்து, ஒபீஸின் கருங்கல் படியில் குடைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ரஜீவ், உம்முடைய அம்மா ஒரு நாளைக்கு எத்தினை கிலோ எடுப்பா?"

"அது எப்புடிச் சொல்றது? ஒருநா இருவத்திரெண்டு. மறுநா பத்தொம்பது. மழைன்னா பதினஞ்சு. கை என்னா மெஷினா டொக்டர்?"

"அப்ப இதைப் பாரும்."

பெரியாயியின் வரிசை. தை பிறந்த முதல் வாரம்: இருபத்துநான்கு, இருபத்தொன்று, இருபத்தாறு, பத்தொன்பது. அதன்பிறகு பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. சாகும் நாளுக்கு முந்திய எட்டு நாளும் பதினெட்டு. செத்த நாளும் அதே.

ரஜீவின் முகத்தில் இருந்த பகிடி கழன்று விழுந்தது. "பதினெட்டு கிலோ இருந்தாத்தான் ஒரு நாள் பேர் விழும், முழுச் சம்பளம். பதினேழுன்னா அரைப் பேர். தனக்காகப் பறிக்கிறவ பதினெட்டோட நிறுத்த மாட்டா. அடுத்தவளுக்காகப் பறிக்கிறவதான் நிறுத்துவா."

"எட்டு நாள் அவ படுக்கையிலை கிடந்திருக்கிறா," என்றாள் சத்தியபாமா. "இன்னும் பத்துப் பேருக்கு இதே மாதிரிப் பதினெட்டு ஓடுது. இண்டைக்குக் காலமை நிறுத்ததிலும் ஓடுது. இனி மற்றப் பக்கத்தைப் பாரும். கருப்பம்மா எண்டு ஒராள், ஒவ்வொரு நாளும் இருபத்தாறு, இருபத்தெட்டு எடுக்கிறவ. இப்ப பத்தொன்பது. சுகமான ஆக்கள் எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு. மொத்தத்தைக் கூட்டினால் தோட்டத்துக்கு ஒரு கிலோவும் குறையேல்லை."

"கள்ளன்னா எடுத்துட்டுப் போவான். இங்க கொண்டாந்து போட்டிருக்காங்க."

"கிளாக்கர் கள்ளக் கணக்கு எழுதேல்லை. மலை முழுக்கச் சேர்ந்து சாக்கு நிரப்பியிருக்கு. ஏன் எண்டதுதான் தெரியேல்லை." அவள் குடையை மடக்கினாள். "அந்தப் பத்துப் பேரும் இப்ப எங்கை?"

லயம் மலைச்சரிவின் அடியில் இருந்தது. வேலை நேரம். இருபத்துநான்கு ஒற்றையறைக் காம்பராக்களும் வெளியே பூட்டுப் போட்டிருந்தன. நாய்கூடக் குரைக்கவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏழாம் காம்பரா வாசலில் ரஜீவ் நின்றான். பூட்டிய கதவுக்கு உள்ளே யாரோ இருமினார்கள். அடி நெஞ்சிலிருந்து வரும் ஈர இருமல்.

"அந்தக் கதவ தொடாத!"

மேலே, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து ஒருத்தி படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி, முதுகில் ஒரு சாக்கு, இடுப்பில் இன்னொரு சாக்கு. பின்னால் முப்பது நாற்பது பெண்கள். வந்தவளின் கழுத்துக் கயிற்றில் தாலிக்குப் பக்கத்தில் நாலு சாவி தொங்கியது.

"கருப்பம்மா அக்காவா?" என்றான் ரஜீவ். "ஒரு காம்பராவுக்கு நாலு சாவியா?"

"நீ யாருடா கேக்க?"

"உள்ள யாருக்கா?"

"யாருமில்ல. கோழி."

"கோழிக்கு இருமல்னாலும் டொக்டர் பாப்பாங்கக்கா."

யாரும் சிரிக்கவில்லை. ஈரமண் கட்டியொன்று பறந்து வந்து சத்தியபாமாவின் தோளில் பட்டு உடைந்தது.

"எண்ண வந்துட்டாங்கடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "எண்ணி முடிச்சா நாடா கட்டுவாங்க!"

"என்ன நாடா?" என்று சத்தியபாமா கேட்டாள்.

கருப்பம்மா இரண்டு சாக்கையும் இறக்கி வைத்தாள். இறக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதாக்கும்? கொரோனா வருஷம் மஞ்ச நாடா கட்டி லயத்த மூடுனது தெரியாதாக்கும்? பதினாலு நாள்னு சொன்னாங்க, நாப்பது நாளாச்சு. பெரியாயி புருஷன் பொன்னையாவுக்கு நெஞ்சு வலி. இந்தா, இந்த எடத்துலதான் பெரியாயி நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்னு கும்புட்டா. தாண்டுனா கேஸ் போடுவேன்னாங்க. வண்டி வந்தப்போ அவன் வெறச்சிப் போயிட்டான். அதுக்குப் பொறவு என்னா செஞ்சீங்க? வாரா வாரம் வராதவங்கள எண்ணி பதுளைக்கு அனுப்பச் சொன்னீங்க. எதுக்கு எண்ணுறீங்க? கூடுனா மூடத்தானே?"

சத்தியபாமா ரஜீவைத் திரும்பிப் பார்த்தாள். ரஜீவ் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"மருந்து அனுப்பத்தான் எண்ணினது," என்றாள் அவள். "அதை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையெண்டால் பிழை என்ரை."

"பிழையாம்! செத்தவகிட்ட போயி சொல்லு."

"ஏக்கா, அவுங்க செத்ததுக்கு நீங்கதானே காரணம்?" ரஜீவுக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. "நீங்க சாக்க நெரப்பி மறைக்காம இருந்திருந்தா நாங்க எட்டு நாளைக்கு முந்தியே மருந்தோட வந்திருப்போம். இந்த வேலைய ஆரம்பிச்சது நீங்கதானே?"

கருப்பம்மா அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"நானா? அவதான்டா. பெரியாயிதான். ஒவ்வொரு காம்பராவா போயி, சாமி படத்துமேல கை வச்சி சத்தியம் வாங்குனா. காய்ச்சக்காரி பேர்ல பதினெட்டு கிலோ போடணும். தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு யாரும் போகக்கூடாது. வெளிய பூட்டிட்டுப் போகணும். அவளே படுத்தப்போ என் கையப் புடிச்சிக்கிட்டா. 'என் பேரு விடாம பாத்துக்கடி'ன்னா. பாத்துக்கிட்டேன். எட்டு நாள் பாத்துக்கிட்டேன். ஒம்பதாம் நாள் வெடிகாலையில மூச்சு இழுக்கவும் பயந்துபோயி ஓட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போனவ போயிட்டா. பகல்ல அவ சாக்கத் தராசுல தூக்கறேன், அவ செத்துட்டான்னு தெரியும். அப்பவும் போட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

ஏழாம் காம்பராவின் இருமல் மறுபடியும் கேட்டது. சத்தியபாமா மண் ஒட்டிய தோளோடு போய்க் கதவில் காது வைத்தாள். மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள்.

"உள்ளுக்கு ஆர்?"

"லதுஷா," என்றாள் கருப்பம்மா மெதுவாக. "பெரியாயி மக. ஆறு மாசம் வயித்துல."

"ஒரு நிமிசத்துக்கு முப்பத்தாறு மூச்சு எடுக்கிறா. எல்லாம் மேல் மூச்சு. இண்டைக்கே ஒட்சிசன் குடுக்க வேணும். கதவைத் திறவுங்கோ."

"தொறந்தா? அவள ஏத்திட்டுப் போவீங்க. திரும்பி வாறப்ப பொலிஸோட வருவீங்க. நாடா கட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சத்தியபாமா பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கதவு திறந்திருக்கும். அது ரஜீவுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"மேலிடத்திலை என்ன முடிவெடுப்பினம் எண்டு நான் சத்தியம் பண்ணேலாது. நான் எழுதுற அறிக்கையிலை மூடுங்கோ எண்ட சொல் இராது. வேணாம் எண்டுதான் எழுதுவன். அதுக்குமேலை என்னட்டை ஒண்டும் இல்லை."

"அது பத்தாது."

"பத்தாதுதான்," என்றான் ரஜீவ். எல்லோரும் திரும்பினார்கள். "டொக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியும். கொஞ்சம் மோசமா ஓட்டுவாங்க, ஆனா போய்ச் சேருவாங்க. நான் இங்க இருக்கேன். அவுங்க நாடா கட்டுனா நானும் நாடாவுக்கு உள்ள. லயத்துல பொறந்தவன்தான், எனக்கு எடம் பழக்கம்."

கருப்பம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்துக் கயிற்றிலிருந்து ஒரு சாவியைப் பிரித்தாள்.

லதுஷாவை நாலு பெண்கள் கம்பளியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்து ரஜீவைப் பார்த்தாள். யாரென்று கேட்கக்கூட மூச்சு இல்லை. காம்பரா வாசலுக்கே கொண்டுவந்த வண்டியின் பின் ஆசனத்தில் அவளைக் கிடத்தி முடிந்ததும், இரண்டு கைகள் ரஜீவின் முதுகில் விழுந்தன. காம்பராவுக்குள் போய் விழுந்தான். கதவு மூடியது. பூட்டு விழும் சத்தம்.

"பூட்டுனா எப்புடி இருக்குன்னு நீயும் பாரு!"

"ரஜீவ்!" வெளியே சத்தியபாமாவின் குரல் கேட்டது. "முகக்கவசத்தைக் கழட்டாதையும். வாயையும் கொஞ்சம் மூடிக்கொண்டிரும்."

"ரெண்டும் ஒரே எடந்தானே டொக்டர்," என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. வண்டி கியர் மாறித் திணறி மேலேறிப் போனது.

காம்பராவுக்குள் யன்னல் இல்லை. ஈரக் கம்பளியும் யூகலிப்டஸ் தைலமும் மணத்தன. வெளியே பெண்கள் அவனை ஒவ்வொருவராகத் திட்டினார்கள். அரசாங்கத்து நாய் என்றாள் ஒருத்தி. தோட்டத்தில் பிறந்துவிட்டுத் தோட்டத்தையே எண்ணிக் கொடுக்கிறவன் என்றாள் இன்னொருத்தி. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவன் வாய்க்கு ஏதாவது வந்து சேரும். வரவில்லை. கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான்.

"கருப்பம்மாக்கா."

"என்னா?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி அந்தக் கடுதாசிய ஒபீஸுக்கு கொண்டாந்தவன் நான்தான். எதுக்கு எண்றோம்னு லயத்துல போயி சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. சொன்னேன்னு பொய் சொன்னேன்."

கதவு அதிர ஒரு அடி விழுந்தது. அவன் முதுகெலும்பில் அது தெரிந்தது.

"ஏன்டா எறங்கி வரல?"

அவன் யோசித்தான். நல்ல காரணம் ஒன்று இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"மழையா இருந்துச்சுக்கா."

அதன்பிறகு யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

நாலரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு வண்டிகள். ரஜீவ் கதவில் காதை ஒட்டினான். பூட்ஸ் சத்தம் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. பெட்டிகள் இறக்கும் சத்தம், யாரோ ஆண் டொக்டர் ஒருவர் வழுக்குகிறது என்று முனகும் சத்தம், பிறகு சத்தியபாமா.

"லதுஷாவுக்கு ஒட்சிசன் போகுது. பிள்ளையின்ரை இதயத்துடிப்பு நல்லாயிருக்கு. இரவு தாண்ட வேணும், ஆனால் தாண்டுவா எண்டுதான் வார்டிலை சொல்லுகினம். பொலிஸ் வரேல்லை. இனி நான் பேர் வாசிக்கிறன். நம்பினால் கதவைத் திறவுங்கோ." கடுதாசி சரசரத்தது. "நல்லம்மா."

ஒன்றுமில்லை. தகரக்கூரையில் மழை மட்டும்.

"நல்லம்மா," என்றாள் மறுபடியும், அதே குரலில்.

லயத்தின் அந்தக் கோடியில் ஒரு பூட்டு கிளிக் என்றது. ரஜீவ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ராசம்மா." கிளிக். அடுத்த பெயர். அடுத்த கிளிக். அவன் விரல் விட்டு எண்ணினான். பட்டியலில் மிச்சமிருந்தது ஒன்பது பேர். ஒன்பதாவது பெயரோடு சத்தியபாமா நிறுத்தினாள். பூட்டுகள் நிற்கவில்லை. பெயர் வாசிக்காமலேயே பத்தாவது திறந்தது. பதினொன்று. பன்னிரண்டு. எந்தக் கணக்கிலும் மாட்டாத மூன்று கதவுகள்.

கடைசியில் அவனுடைய கதவு திறந்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கருப்பம்மா நின்றாள்.

"வெளிய வா. ஒன் மூஞ்சிய பாக்க எனக்குப் புடிக்கல."

கால் மரத்துப் போயிருந்தது. எழும்போது தடுமாறி, விழாமலிருக்க அவள் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. அந்தக் கை அடுப்புக்கல் மாதிரிக் கொதித்தது.

"அக்கா! எத்தன நாளா?"

"மூணு நாளா," என்றாள் அவள், கையை உதறாமல். "ரெண்டு பேருக்குப் பறிக்கணும். நான் படுத்தா யாரு பறிக்கிறது?"

முற்றத்தில் சத்தியபாமா பட்டியலோடு நிமிர்ந்து பார்த்தாள். கருப்பம்மா தலையிலிருந்த கொங்காணியை அவிழ்த்து வாசற்படியில் போட்டுவிட்டு, அதன்மேலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

"எழுதிக்க," என்றாள். "கருப்பம்மா. நாளைக்கு வேலைக்கு வரல."